வெளிச்சம் தெரியாத பீரங்கி

பழைய இரும்புத் தொழிலில் ஒரே ஒரு நிம்மதி உண்டு: உலகத்தில் எங்கே எது உடைந்தாலும் நமக்கு வேலை போகாது. மற்றபடி நிம்மதி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. துருவைச் சுவாசித்து, தகடு கிழித்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் கைகால் முழுசாக வீடு திரும்பினால் அன்றைக்கு நல்ல நாள் என்று நினைக்கிற என் சக ஜென்மங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், எண்ணூர் போகிற வழியில், கத்திவாக்கத்தில் ஒரு இரும்பு யார்டில் நான் பொறுக்கு வேலை பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கும் பழைய சாமானை இரும்பு, சில்வர், பித்தளை, செம்பு என்று இனம் பிரித்துப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர். கழுத்தில் தாலிக்கயிற்றோடு இன்னொரு கயிற்றில் ஒரு காந்தமும் தொங்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அதைவிட உசத்தி. அந்தத் தொழிலுக்கு அவ்வளவு படிப்பு போதும்.

பெட்டி திறந்த அன்று

கன்டெய்னரைத் திறந்தால் வழக்கமாக கார் பாகம், பாய்லர் குழாய், நசுங்கிய பீப்பாய் என்று ஏதாவது கிடக்கும். அன்றைக்குக் கிடந்தவை நீளமான, கனமான குழாய்கள். ஒரு முனை தடித்து, மறுமுனை ஒடுங்கி இருந்தன. என் ஜோடியாக வேலை பார்த்த எல்லம்மா அக்கா வியாசர்பாடிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், எதற்கும் லேசில் பயப்படாதவள். அவளே இரண்டடி பின்னால் போனாள். “செல்வி, இது பீரங்கிடி” என்றாள். கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டுகிற பஷீர் அண்ணன், “சிலோன் சாமானா மொதலாளி?” என்று கேட்டார். இல்லையாம், ஆப்பிரிக்கா பக்கம் ஒரு நாடாம். ஒரே நாட்டுக்காரர்கள் ரெண்டு மூணு கட்சியாகப் பிரிந்து வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டு ஓய்ந்திருக்கிறார்கள். அடித்துக்கொண்ட சாமான் எங்கள் யார்டுக்கு வந்துவிட்டது.

எங்கள் எல்லோருக்கும் மனதில் ஒரே கேள்விதான். உள்ளே குண்டு இருக்குமா? பஷீர் அண்ணன் கையில் நெருப்பு, எங்கள் கையில் சுத்தியல். தெரியாமல் ஒன்று மாட்டினால் எங்களைப் பொறுக்க வேறு ஆள்தான் வர வேண்டும்.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழாயானாலும் ஒரு பக்கம் கண்ணை வைத்துப் பார்ப்போம். மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தால் வெட்டலாம். தெரியாவிட்டால், அனுப்பியவன் எடை ஏற்றுவதற்கு உள்ளே மண்ணோ கல்லோ அடைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதைக் குடைந்து எடுத்த பிறகுதான் குழாய் உலைக்குப் போகும். பீரங்கிக்கும் அதே பழக்கம்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு யார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன வயசுக்காரர் அவர். ஒரு காகிதத்தை எங்கள் முன்னால் ஆட்டினார். “பயப்படாதீங்க, எல்லாம் செத்துப்போன சாமான். சீல் குத்தித்தான் அனுப்பியிருக்கான்.”

சட்டை மேல் சட்டை

கேஸ் வைத்து வெட்டுவதற்கு முன்னால் வெட்டுகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் எரிகிற பெயிண்ட் புகை தொண்டையை அடைத்துவிடும். முதல் பீரங்கியை பஷீர் அண்ணன் சுரண்டினார். மேலே பச்சை. பச்சைக்குக் கீழே மண் நிறம். மண் நிறத்துக்குக் கீழே மறுபடி பச்சை, ஆனால் வேறு பச்சை. ஒவ்வொரு பூச்சிலும் ஒரு சின்னம். ஒன்றில் நட்சத்திரம். இன்னொன்றில் அந்த நட்சத்திரத்தை அழித்துவிட்டு வரைந்த மாட்டுத் தலை. அதற்கு மேல் பூச்சில் யாரோ பிரஷ்ஷால் கிறுக்கிய ஒரு பெயர்.

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் குழாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறை பீரங்கி பிடிபட்டபோதும் பிடித்தவன் தன் நிறத்தைப் பூசியிருக்கிறான். அதற்கு முந்தின நிறத்துக்காரனைப் பார்த்து இதே குழாயைத் திருப்பியிருக்கிறான். அந்தச் சண்டையிலும் பெயிண்ட் டப்பா வாங்கிவர நேரம் இருந்திருக்கிறதே என்று நினைத்தேன். பஷீர் அண்ணன் சுரண்டிக்கொண்டிருந்த கம்பி பிரஷ்ஷைக் கீழே போட்டார். “இன்னா தங்கச்சி இது, ஆளு மாற மாற சட்டைய மாத்திகினு, நேத்து யாருக்காவ சுட்டிச்சோ அவனையே இன்னிக்கு சுட்டுகினு இருந்துக்குது!”

பாய் சொன்ன பாகப்பிரிவினை

இந்த மாதிரி சாமானை அங்கேயே போய் வாங்கி அனுப்புகிறவர் வண்ணாரப்பேட்டை சுல்தான் பாய். வெள்ளைச் சட்டையில் துரு படாமல் யார்டுக்குள் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர். அவரிடம், பிடித்த பீரங்கியை அங்கே என்னதான் செய்வார்கள் என்று கேட்டேன். வெங்காய மண்டி விவகாரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். சண்டை முடிந்ததும் பங்கு போடுவார்களாம். குறி பார்க்கிற கண்ணாடி உடையாமல் இருக்கிற நல்ல பீரங்கி தலைவனுடைய சொந்த ஆட்களுக்கு. அதற்கு அடுத்தது, சண்டையில் முன்னால் நின்றவர்களுக்கு. சக்கரம் போனது, கண்ணாடி போனது எல்லாம், ‘உங்களுக்கும் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட சின்னச் சின்ன கும்பல்களுக்கு.

பீரங்கி கிடைத்தவனிடம் அதற்கு ஏற்ற குண்டு இருக்காது. குண்டு வைத்திருப்பவனிடம் பீரங்கி இருக்காது. அதனால் ஒரு நாள், இரண்டு நாள் என்று இரவல் போகுமாம். போன இடத்தில் எதிரி வந்து பிடித்துக்கொண்டால் அவர்கள் பக்கம் மறுபடி முதலிலிருந்து பங்கு. “அப்போ எந்தக் குண்டு எந்தப் பீரங்கிக்குன்னு யாரு பாய் பாக்குறது?” என்று கேட்டேன். சிரித்தார். “அங்க பீரங்கின்னா கல்யாண அண்டா மாதிரிமா. இன்னிக்கு இந்த வூட்ல, நாளிக்கு அந்த வூட்ல. அடியில யாரு பேரு வெட்டிக்கீதுன்னு எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?”

சலூன் நாற்காலி

வானத்தைப் பார்த்துச் சுடுகிற பீரங்கி ஒன்று வந்தது. சுடுகிறவன் உட்காருவதற்கு அதில் ஒரு இருக்கை இருக்க வேண்டுமாம். எத்தனையோ கை மாறியதில் அது எங்கேயோ விழுந்துவிட்டதுபோல. அதற்குப் பதிலாக முடிவெட்டும் கடை நாற்காலியைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். தலை சாய்க்கிற பலகை, கால் வைக்கிற தட்டு, சிவப்பு ரெக்சின் எல்லாம் அப்படியே இருந்தது. முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை. ஓட்டையை வேறு நிறத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். தைத்த இடத்தைச் சுற்றி ரெக்சின் கறுத்துக் கிடந்தது. துரு இல்லை அது. நான் காந்தத்தை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அந்த நாற்காலியில் எது பட்டாலும் என் மேல் படுவதுபோல இருந்தது.

டோல்கேட் பக்கம் சலூன் வைத்திருந்த ஒருவர் கேள்விப்பட்டு வந்து அதைக் கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இதில் யார் உட்கார்ந்திருந்தான், எப்படி எழுந்து போயிருப்பான் என்று அந்த ஓட்டையைக் காட்டிச் சொன்னேன். அவர் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிச் சுழற்றிவிட்டு அழகு பார்த்தார். “எவன் குந்துனா இன்னாமா, சுத்துதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

மணி

வெடித்துத் தீர்ந்த குண்டுகளின் பித்தளைக் கூடு டிரம் டிரம்மாக வந்தது. உயரமான டம்ளர் மாதிரி இருக்கும். அடிப்பக்கம் நடுவில் பொத்தான் மாதிரி ஒரு வட்டம். சுடும்போது ஊசி வந்து அந்தப் பொத்தானில்தான் குத்துமாம். அதனால் எல்லாக் கூட்டிலும் அங்கே ஒரு சின்னக் குழி. நூற்றுக்கணக்கில் கழுவிக் கழுவி அந்தக் குழி என் விரல் நுனிக்கே பழகிவிட்டது.

வாங்க வந்தவர் பெரம்பூர் பக்கம் பட்டறை வைத்திருந்தார். கோயில் மணியும் குத்துவிளக்கும் வார்ப்பவர். ஒவ்வொரு கூட்டையும் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினார். எல்லம்மா அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “எத்தினி பேர சாவடிச்சுதோ, இத்தப் போயி கோயிலுக்கா?” என்று சண்டைக்குப் போனாள். அவர் கோபப்படவே இல்லை. இன்னொரு கூட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “சாமி சத்தத்தத்தாம்மா கேக்கும், சரித்திரத்தயா கேக்கும்?”

எடைக்கு அடைத்த சிமெண்ட்

இனி நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். ஒரு குழாயில் வெளிச்சம் தெரியவில்லை. தடித்த முனையைப் பார்த்தால், விளிம்பு வரைக்கும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. இரும்புத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அதைப் பார்த்தால் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். எடை ஏமாற்று. மோட்டார் உருளைக்குள் மணல், தண்ணீர்க் குழாய்க்குள் ஜல்லி என்று நாங்கள் பார்க்காத திருட்டு இல்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை விடாமல் குடைந்து எடுக்கச் சொன்னார். அந்தக் காகிதத்தை அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

சிமெண்ட் ஈரமாக இருந்தபோது அதில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள். தெரியாத எழுத்து, இரண்டு வரி. திருடன் தன் கம்பெனி பெயரை வேறு எழுதி வைத்திருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தோம். உளி முதலில் இறங்கியது அந்த எழுத்தின் மேல்தான். அக்கா உளியைப் பிடிக்க, நான் சுத்தியலால் அடித்தேன். மதியம் அதே குழாயின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். நிழலில் கிடந்ததால் குளிர்ச்சியாக இருந்தது. கை வலி தாங்காமல் அக்கா காலையிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள். “எந்தக் கஸ்மாலம் இத்த அடச்சானோ, அவன் துன்ற சோத்துல சிமெண்டு வுழணும்!”

மஞ்சள்

சாப்பிட்ட பிறகு நாலு அடி அடித்திருப்பேன். சிமெண்ட் ஒரு பெரிய கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மஞ்சளாகப் பளபளத்தது. காந்தத்தை விட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. பித்தளை! எங்களுக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். “ஏமாத்த வந்தவன் நமக்கே நல்லது பண்ணிகிறான்டி” என்று அக்கா கையைத் தட்டினாள். பஷீர் அண்ணன் ஓடி வந்து பார்த்தார். உளி போதாது, கேஸ் வைத்துச் சூடு காட்டினால் பித்தளை தானாகக் கழன்று வரும் என்று கேஸ் டியூபை இழுக்கப் போனார்.

அதற்குள் இன்னும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்று அக்கா உளியை நட்டநடுவில் வைத்தாள். நான் சுத்தியலை ஓங்கினேன். உளி நுனிக்கு அடியில் அந்தப் பொத்தான் தெரிந்தது. வட்டமாக, வழவழவென்று, கடையில் வாங்கிய புதுப் பாத்திரம் மாதிரி. அதில் குழி இல்லை. நூற்றுக்கணக்கான கூட்டில் என் விரலுக்குப் பழகிய அந்தக் குழி இதில் இல்லை. ஊசி இன்னும் குத்தவில்லை. குத்த வேண்டிய இடத்தில் எங்கள் உளி நின்றுகொண்டிருந்தது. கை மேலேயே நின்றுவிட்டது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். “இன்னாடி குத்துக்கல்லாட்டம் நிக்கிற, கைய புடிச்சிகிச்சா?”

குண்டு எடுக்க வந்தவர்

எப்படிச் சொன்னேன், எப்படி எல்லோரும் வெளியே ஓடினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. “உளிய மெதுவா எடுக்கா” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறகும் அக்கா உளியை விடவில்லை. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பஷீர் அண்ணன் சாலையோரத்தில் வாந்தி எடுத்தார்.

போலீசில் குண்டு எடுக்கிற பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பார்த்துவிட்டு வந்து விளக்கினார். பிடித்த பீரங்கி ஒரு அளவு, கையில் இருந்த குண்டு இன்னொரு அளவு. ஒரு மயிரிழைதான் வித்தியாசம், உள்ளே போய்விடும் என்று நினைத்து அடித்துத் திணித்திருக்கிறார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாமல், பின்னாலும் வராமல், குண்டு போடுகிற பின்பக்கக் கதவும் மூடாமல் நின்றுவிட்டது. அப்படியே சிமெண்டைக் கொட்டிப் பூசிவிட்டார்கள். நடுவில்தான் அடித்தீர்களா என்று கேட்டார். அடிக்கப் போனோம் என்றேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த அடி மட்டும் இறங்கியிருந்தா, நான் வந்து கேள்வி கேக்கறதுக்கு இங்க யாரும் இருந்திருக்க மாட்டீங்கம்மா.”

சத்தம்

சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கிய லாரியில் அந்தக் குழாயை ஏற்றிக்கொண்டு போனார்கள். முகத்துவாரக்குப்பம் தாண்டி, ஆள் இல்லாத மணலில் குழி தோண்டி வெடிக்க வைத்தார்கள். வலை காயப்போட்டவர்களை எல்லாம் முன்னாலேயே அப்புறப்படுத்திவிட்டார்களாம். நாங்கள் யார்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதலில் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. யார்டின் தகரக் கூரை முழுக்க ஆடியது. டீக்கடைப் பாட்டிலுக்குள் பிஸ்கட் குதித்தது. காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. அதுவரைக்கும் வந்தது பயமே இல்லை. வீட்டில் இருக்கிற என் இரண்டு பிள்ளைகளின் முகமும் வந்து நின்றது, அழுதேன், நடுரோட்டில் நின்று அழுதேன். எல்லம்மா அக்கா அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தினி சத்தத்த உள்ள வெச்சிகினு, நாம அந்த அடி அடிச்சோமே, அது எப்பிடிடி வாய மூடிகினு இருந்திச்சு?”

பாய் மறுபடி வந்தார்

சுல்தான் பாய் வெள்ளைச் சட்டையோடு விசாரிக்க வந்தார். சிமெண்ட் எதற்காக என்று நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சின்னக் கும்பலுக்கு இத்தனை பீரங்கி தருவதாக வாக்குக் கொடுத்திருப்பார்களாம். பங்கு போடும்போது எண்ணிக்கை குறைந்தால், இப்படிச் சிக்கிக்கொண்டதை அடைத்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுவார்களாம். வாங்கியவன் சுட முடியாது. ஆனாலும் திருப்பித் தரமாட்டான்.

“அப்போ அதுல எழுதி இருந்திச்சே பாய், சுடாதேன்னு எவனோ நல்லவன் எழுதியிருப்பானா?” என்று கேட்டேன். எழுதியிருக்கலாம், பூசினவன் தன் பெயரைக்கூட எழுதியிருக்கலாம் என்றார். அதைத்தான் முதல் வேலையாக நாங்கள் தூள் பண்ணிவிட்டோமே, இனி யாரைக் கேட்பது? சுட முடியாத பீரங்கியை வாங்கி அவர்கள் என்னதான் செய்வார்கள் என்றேன். எனக்கு அது தெரியவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. “சுடாத பீரங்கிக்கும் அங்க வேல கீதுமா. மூஞ்ச ஊரப் பாத்து திருப்பி வெச்சாப் போதும், ஊரே காலி.”

கடைசி அடி

குவியலைக் கலைத்தபோது அதே மாதிரி சிமெண்ட் அடைத்த குழாய் இன்னும் ஒன்று அகப்பட்டது. தாங்கள் வந்து பார்க்கிற வரைக்கும் யார்டில் மிச்சம் எதையும் தொடக்கூடாது என்று போலீசில் முன்னமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் வரவில்லை. உலைக்குப் போகிற லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பிறகு எங்களைக் கூப்பிட்டார். ஒரு தடவை நடந்தது தினமும் நடக்காது, இது நிச்சயம் எடைக்குப் போட்ட சிமெண்ட்தான், ஓரமாக மட்டும் குடையுங்கள் என்றார். குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. ஆனால் எங்களை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைக்கவும் அவரால் முடியும். பஷீர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பிள்ளைகள் ஸ்கூல் நினைவு வந்தது. வெட்கக்கேடு, என் கை சுத்தியல் பக்கம் போய்விட்டது.

எல்லம்மா அக்கா எனக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டாள். உளியையும் எடுத்தாள். போய்க் குழாயின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உளியை நடு சிமெண்டில் நேராக வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுத்தியலைக் காலால் முதலாளி பக்கம் தள்ளிவிட்டாள். அவர் சுத்தியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வாசலுக்குப் போய் லாரிக்காரனைத் திரும்பிப் போகச் சொன்னார். அதற்கு முன்னால் அவள் சொன்னது இவ்வளவுதான். “நீயே வந்து ஒரு அடி அடி நைனா, நான் உளிய புடிச்சிக்கிறேன்.”

ஆக, அத்தனை படைகள் பிடித்து, பெயிண்ட் அடித்து, பங்கு போட்டு, ஒருவர் தலையில் இன்னொருவர் கட்டிய பீரங்கிகளைக் கடைசியாகப் பிடித்த படை தினக்கூலிப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான், எங்களிடம் மட்டும்தான் அதைச் சுடச் சொல்லாமல் குடையச் சொன்னார்கள்.